குனுட் ராஸ்முசன்

குனுட் யோகான் விக்டர் ராஸ்முசன் (ஜூன் 7, 1879 – டிசம்பர் 21, 1933) கிரீன்லாந்தில் பிறந்த டேனிய நாடுகாண் பயணியும் மானிடவியலாளரும் எழுத்தாளரும் ஆவார். வட அமெரிக்காவின் வடமேற்குப் பெருவழியை நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் கடந்த முதல் ஐரோப்பியர் என இவர் அறியப்படுகிறார். கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரை பரந்து வாழும் இனுயிட் மக்களின் கதைகள், பாடல்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றை அவர்களது மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்தது இவரது முதன்மையான பணியாகும். இதனால் இவர் எஸ்கிமோவியலின் தந்தை என்று அழைக்கப்படுவதுண்டு.

இவர் பிறந்த இலுலிசாட் நகரை ஒட்டியுள்ள பனிக் கடற்கழி 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அக்களத்தைக் காணச் செல்லும் பயணிகள் பலரும் இவர் பிறந்த வீட்டையும் பார்த்து வருகின்றனர்.

பிறப்பும் குடும்பமும்

ராஸ்முசன் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்திற்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வடக்கே உள்ள இலுலிசாட்டில் பிறந்தார். டேனிய ஆட்சியில் இவ்வூர் யாகப்ஸ்ஹாவன் என அழைக்கப்பட்டது. இலுலிசாட் என்னும் கிரீன்லாந்து மொழிச் சொல்லுக்குப் பனிப்பாறைகள் என்பது பொருள். தந்தை கிறிஸ்டியன் ராஸ்முசன் டென்மார்க்கிலிருந்து வந்த லூத்தரன் திருச்சபைப் போதகர். அவர் கிரீன்லாந்து மொழியை நன்கு கற்று அதற்கு இலக்கண நூல் ஒன்றும் எழுதியவர். தாய் லோவிசா பிளைஷர் கிரீன்லாந்திலேயே பிறந்தவர். அவரது முன்னோரில் இனுயிட் மரபினரும் டேனிய வணிக அலுவலர்களும் இருந்தனர்.

இக்கலப்புப் பின்னணியால் ராஸ்முசனுக்குச் சிறு வயதிலேயே இரு மொழிகள் வாய்த்தன. வீட்டில் டேனிய மொழியும், தெருவிலும் விளையாட்டிலும் கிரீன்லாந்து மொழியான கலால்லிசுத்தும் பேசினார். ஊர்ச் சிறுவர்களுடன் வேட்டைக்குச் சென்றார். எட்டு வயதளவில் தமக்கெனச் சிறு சறுக்குவண்டியும் நாய்களும் வைத்து ஓட்டப் பழகினார். மாலை நேரங்களில் முதியோர் சொல்லும் பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தார். பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் பெற முயன்ற செய்திகளை இவர் நேரடியாகப் பெற முடிந்ததற்கு இவ்விளமைப் பழக்கமே காரணம்.

கல்வி

பன்னிரண்டாம் வயதில் ராஸ்முசன் கல்விக்காக டென்மார்க்கிற்கு அனுப்பப்பட்டார். பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. கணிதம் அவருக்குக் கடினமாக இருந்தது. 1900ஆம் ஆண்டளவில் பள்ளி இறுதித் தேர்வை முடித்தார். நடிகராகவும் இசைநாடகப் பாடகராகவும் ஆக முயன்று இரண்டிலும் வெற்றி பெறவில்லை. பின்னர் செய்தித்தாள்களுக்கு எழுதத் தொடங்கினார். ஸ்காண்டினேவியாவின் வடபகுதியில் வாழும் சாமி மக்களிடையே பயணம் செய்து, லாப்லாந்து என்னும் நூலை 1907இல் வெளியிட்டார்.

பல்கலைக்கழகத்தில் முறையாக மானிடவியல் பயிலாத ராஸ்முசனுக்குக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1924இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

இலக்கியப் பயணம் (1902–1904)

1902இல் எழுத்தாளர் லுட்விக் மூலியஸ்-எரிக்சன் தலைமையில் கிரீன்லாந்திற்கு ஒரு குழு புறப்பட்டது. நிலத்தை அளப்பதைவிட மக்களின் வாழ்வை எழுத்திலும் ஓவியத்திலும் பதிவு செய்வதே அதன் நோக்கமாக இருந்ததால் அது இலக்கியப் பயணம் எனப்பட்டது. ஓவியர் ஹரால்ட் மோல்ட்கெ, மருத்துவர் ஆல்பிரட் பெர்ட்டெல்சன் ஆகியோருடன் ராஸ்முசனும் இதில் இடம்பெற்றார். ராஸ்முசனின் இளமைக்கால நண்பரும் இலுலிசாட்டைச் சேர்ந்தவருமான யோர்கன் புரோன்லுண்டும் குழுவில் இருந்தார்.

குழுவினர் மெல்வில் விரிகுடாவின் கடற்பனி மீது சறுக்குவண்டிகளில் சென்று கேப் யார்க் பகுதியை அடைந்தனர். அங்கு இனுக்குயிட் எனப்படும் துருவ இனுயிட் மக்கள் ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்து வந்தனர். உலகின் மிக வடக்கே வாழ்ந்த மக்கள் இவர்களே. பயணத்தின்போது மோல்ட்கெ கடுமையாக நோயுற்றார். உணவு குறைந்த நிலையில் வந்து சேர்ந்த குழுவினரை இனுக்குயிட் மக்கள் ஏற்று உணவளித்துப் பேணினர். ராஸ்முசன் அவர்களது பேச்சு வழக்கை விரைவில் கற்றுக்கொண்டு அவர்களின் குடில்களில் தங்கிக் கதைகளைக் குறித்துக்கொண்டார். இவ்வனுபவத்தின் பயனாகப் புதிய மனிதர்கள் என்னும் பொருள்படும் நூலை 1905இல் டேனிய மொழியில் வெளியிட்டார்.

தூலே வணிக நிலையம்

1908இல் ராஸ்முசன் தாக்மார் ஆண்டர்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.

அமெரிக்கப் பயணி ராபர்ட் பியரி 1891 முதல் 1909 வரை இனுக்குயிட் பகுதியைத் தம் துருவப் பயணங்களுக்குத் தளமாகப் பயன்படுத்தினார். துப்பாக்கி, தோட்டா, இரும்புக் கருவிகள், மரம் ஆகியவற்றைக் கொடுத்து நரித்தோலும் யானைத்தந்தம் போன்ற நார்வால் கொம்பும் பெற்றுச் சென்றார். வேட்டைமுறை துப்பாக்கியைச் சார்ந்து மாறிவிட்ட நிலையில், பியரி வராதுபோனால் தோட்டாக்களுக்கு வழியில்லாமல் போகும் நிலை உருவானது. அங்கு ஒரு வணிக நிலையம் அமைக்குமாறு ராஸ்முசன் டேனிய அரசை வேண்டினார். அரசு முன்வரவில்லை.

எனவே 1910இல் தனியார் நிதியைக் கொண்டு நண்பர் பீட்டர் ஃபிராய்கனுடன் சேர்ந்து நார்த் ஸ்டார் விரிகுடாவில் ஒரு வணிக நிலையத்தை நிறுவினார். பண்டைய கிரேக்கர் உலகின் வடகோடி என்று கருதிய நிலத்தின் பெயரை ஒட்டி அதற்குத் தூலே எனப் பெயரிட்டார். மக்கள் அவ்விடத்தை உம்மன்னாக் என்று அழைத்தனர்.

நிலையத்திற்கு வந்த நரித்தோல்கள் டென்மார்க்கில் விற்கப்பட்டன. அவ்வருவாயிலிருந்து மக்களுக்குத் தேவையான பொருட்கள் வாங்கப்பட்டதுடன், ராஸ்முசனின் ஆய்வுப் பயணங்களுக்கும் பணம் கிடைத்தது. 1912 முதல் 1933 வரை நடந்த ஏழு பயணங்களும் இதனால் தூலே பயணங்கள் எனப் பெயர் பெற்றன. 1920களின் இறுதியில் வேட்டைக்காரர் மன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டு, 1929இல் அப்பகுதிக்கெனத் தனிச் சட்டத் தொகுப்பும் உருவாக்கப்பட்டது. ராஸ்முசனின் மறைவுக்குப் பின் 1937இல் நிலையம் டேனிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

முதல் நான்கு தூலே பயணங்கள்

முதற்பயணம் (1912)

கிரீன்லாந்தின் வடகோடியில் உள்ள பியரி நிலம் தனித் தீவு என்றும், அதற்கும் கிரீன்லாந்திற்கும் இடையே ஒரு கால்வாய் உள்ளது என்றும் பியரி 1892இல் அறிவித்திருந்தார். நிலப்படங்களிலும் அக்கால்வாய் இடம்பெற்றது. 1906இல் புறப்பட்ட டென்மார்க் பயணக்குழுவைச் சேர்ந்த மூலியஸ்-எரிக்சன், ஹேய் ஹாகன், யோர்கன் புரோன்லுண்ட் ஆகிய மூவரும் வடகிழக்குக் கிரீன்லாந்தில் பயணம் செய்து 1907 நவம்பரில் பசியாலும் குளிராலும் இறந்தனர். பிழையான நிலப்படத்தை நம்பியதும் அவர்கள் வழியில் காலம் இழந்ததற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. புரோன்லுண்டின் உடல் 1908இல் கண்டெடுக்கப்பட்டது. அவர் இறுதிவரை எழுதிய நாட்குறிப்பும் ஹாகன் வரைந்த படங்களும் அவருடன் இருந்தன.

இறந்தவர்களில் இருவர் இலக்கியப் பயணத்தில் ராஸ்முசனின் தோழர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ராஸ்முசன், ஃபிராய்கன், இனுக்குயிட் வேட்டைக்காரர்களான இனுகிட்சோக், உவ்டுலோரியாக் ஆகிய நால்வர் நாய்வண்டிகளில் உள்நாட்டுப் பனிவிரிப்பின் மீது ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் பயணம் செய்து மறுகரையை அடைந்தனர். அங்கு கால்வாய் இல்லை என்பதையும் பியரி நிலம் கிரீன்லாந்தின் பகுதியே என்பதையும் உறுதி செய்தனர்.

இரண்டாம் பயணம் (1916–1918)

கிரீன்லாந்தின் வடகரையை அளந்து படம் வரைவதற்காக இப்பயணம் மேற்கொள்ளப்பட்டது. நிலவியலாளர் லௌகெ கோக், சுவீடன் தாவரவியலாளர் தோரில்ட் வுல்ஃப் ஆகியோர் இதில் பங்கு பெற்றனர். படம் வரையும் பணி நிறைவேறியது. ஆனால் வேட்டை பொய்த்ததால் திரும்பும் வழியில் குழு பெரும் துன்பத்திற்கு உள்ளானது. கிரீன்லாந்தைச் சேர்ந்த ஹென்ரிக் ஓல்சன் வேட்டைக்குச் சென்று திரும்பவில்லை. உதவி தேடி ராஸ்முசன் முன்னே சென்றிருந்தபோது, நடக்க இயலாது தளர்ந்த வுல்ஃப் பின்தங்கி இறந்தார். ராஸ்முசனின் பயணங்களில் நேர்ந்த மிகக் கடுமையான இழப்பு இதுவாகும்.

மூன்றாம், நான்காம் பயணங்கள்

மூன்றாம் பயணம் 1919இல் தொடங்கியது. நோர்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் மேற்கொண்ட துருவப் பயணத்திற்கு உணவுக் கிடங்குகள் அமைத்தல் இதன் நோக்கம். இதற்குக் கோட்ஃபிரெட் ஹான்சன் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் நான்காம் பயணமாக ராஸ்முசன் கிழக்குக் கிரீன்லாந்தின் அங்மக்சாலிக் பகுதிக்குச் சென்று அங்குள்ள மக்களின் தொன்மங்களைத் திரட்டினார். இவையும் பிற பகுதிக் கதைகளும் கிரீன்லாந்தின் தொன்மங்களும் மரபுக்கதைகளும் என்ற பொருளுடைய தலைப்பில் 1921 முதல் 1925 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

ஐந்தாம் தூலே பயணம் (1921–1924)

ராஸ்முசனின் புகழுக்கு முதன்மைக் காரணம் ஐந்தாம் பயணமாகும். கிரீன்லாந்து முதல் பசிபிக் கடல் வரை சிதறி வாழும் இனுயிட் மக்கள் அனைவரும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவர்களா, அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை அறிவதே இதன் நோக்கம். தொல்லியலாளர் தெர்க்கல் மத்தியாசன், இனவரைவியலாளர் காய் பிர்க்கெட்-ஸ்மித், ஹெல்கெ பாங்ஸ்டெட், ஃபிராய்கன், கிரீன்லாந்தைச் சேர்ந்த யாக்கப் ஓல்சன் ஆகியோருடன் இனுக்குயிட் ஆண்களும் பெண்களும் குழுவில் இருந்தனர். ஆண்கள் நாய்களை ஓட்டி வேட்டையாடினர். பெண்கள் தோலாடைகளையும் காலணிகளையும் தைத்துச் செப்பனிட்டனர். ஆர்க்டிக் குளிரில் கிழிந்த காலணி உயிரிழப்புக்குக் காரணமாகக்கூடும் என்பதால் பின்னவர் பணியும் வேட்டைக்கு இணையானதே.

பயணம் தொடங்கும்போதே இழப்பு நேர்ந்தது. இனுக்குயிட் வேட்டைக்காரரான இகியாங்குவாக் கிரீன்லாந்தை விட்டு நீங்கும் முன்பே சளிக்காய்ச்சலால் இறந்தார். அவரது மனைவி அர்னாருலுங்குவாக் ஊருக்குத் திரும்பாமல் பயணத்தைத் தொடர முடிவு செய்தார்.

தளமும் அகழாய்வும்

ஹட்சன் குடாவின் வடக்கே ஒரு சிறு தீவில் குழு தளம் அமைத்தது. இடைவிடாது காற்று வீசியதால் தங்கள் வீட்டிற்குத் துருத்தி எனப் பெயரிட்டனர். அங்கிருந்து சிறு குழுக்களாகப் பிரிந்து பல திசைகளில் சென்றனர். மத்தியாசன் 1922இல் ரிபல்ஸ் விரிகுடாவுக்கு அருகே உள்ள நௌயான் என்னும் இடத்தில் பழைய குடியிருப்புகளை அகழ்ந்தார். திமிங்கில எலும்புகளைக் கொண்டு கட்டப்பட்ட வீடுகளும் வேட்டைக் கருவிகளும் கிடைத்தன. அலாஸ்காவிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவி இன்றைய இனுயிட் மக்களுக்கு முன்னோராக விளங்கிய இம்மக்களின் பண்பாடு தூலே பண்பாடு எனப் பெயர் பெற்றது. தொல்லியலில் அப்பெயரே இன்றும் வழங்குகிறது.

இப்பணிகளுக்கிடையே பனிப்புயலில் சிக்கிய ஃபிராய்கனின் இடது கால் குளிரால் கருகியது. அவர் அக்காலின் பாதத்தை இழந்தார்.

அவ்வாவும் இக்யுகார்யுக்கும்

இக்லூலிக் இனுயிட் மக்களிடையே அவ்வா என்னும் ஷாமனை ராஸ்முசன் சந்தித்தார். ஷாமன் என்பவர் ஆவியுலகத்துடன் தொடர்பு கொண்டு நோயையும் வேட்டைக் குறைவையும் போக்குபவராகக் கருதப்பட்டார். உணவு, வேட்டை, பிறப்பு, இறப்பு ஆகியவற்றைச் சூழ்ந்திருந்த விலக்கு விதிகளை அவ்வா விரிவாக எடுத்துரைத்தார். அவ்விதிகளுக்குக் காரணம் என்னவென்று ராஸ்முசன் தொடர்ந்து கேட்டபோது, அவர் ராஸ்முசனை வெளியே அழைத்துச் சென்று புயலில் வெறுங்கையுடன் திரும்பும் வேட்டைக்காரர்களைக் காட்டினார். பின்னர் விளக்கெரிக்கக் கொழுப்பின்றிக் குளிர்ந்து கிடந்த ஒரு வீட்டையும், நோயில் கிடந்த தம் சகோதரியையும் காட்டி, இத்துன்பங்களுக்குக் காரணம் என்ன என்று திருப்பிக் கேட்டார். விடையளிக்க முடியாத கேள்விகளுக்கு நடுவே முன்னோர் சொன்ன வழியைப் பின்பற்றி வாழ்கிறோம் என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். அவ்வாவும் அவர் குடும்பத்தினரும் பின்னர் கிறித்தவத்தைத் தழுவினர். அம்மாற்றத்திற்குச் சற்று முன்னதாக ராஸ்முசன் அங்கு சென்றிருந்ததால் பழைய சமயத்தை அதை நம்பி வாழ்ந்தவரிடமிருந்தே எழுத முடிந்தது.

ஹட்சன் குடாவின் மேற்கே கடலை விட்டு விலகிக் கரிபு மான்களை நம்பி வாழ்ந்த மக்களிடையே இக்யுகார்யுக் என்னும் ஷாமனையும் இவர் சந்தித்தார். மெய்யறிவு மனிதக் கூட்டத்தை விட்டு விலகிய தனிமையிலும் துன்பத்திலுமே கிட்டும் என்பது அவரது கருத்து. இளமையில் கடுங்குளிரில் சிறு பனிக்குடிலில் ஏறத்தாழ ஒரு மாதம் நோன்பிருந்த பயிற்சியை அவர் ராஸ்முசனுக்கு விவரித்தார்.

மூவரின் பயணம்

1923 மார்ச்சில் ராஸ்முசன் ஏனையோரை விட்டுப் பிரிந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அர்னாருலுங்குவாக்கும் அவருடைய உறவினரான இளைஞர் காவிகார்சுவாக்கும் மட்டுமே உடன் சென்றனர். இரண்டு சறுக்குவண்டிகளில் மூவரும் கனடாவின் வடகரை முழுவதையும் கடந்து அலாஸ்காவை அடைந்தனர். காவிகார்சுவாக் வேட்டையாடினார், அர்னாருலுங்குவாக் ஆடைகளையும் முகாமையும் கவனித்துக்கொண்டார். வடமேற்குப் பெருவழியைக் கடந்த பெருமை பொதுவாக ராஸ்முசன் பெயரில் மட்டும் கூறப்பட்டாலும் அதற்கு உரியவர்கள் மூவர் ஆவர்.

கிங் வில்லியம் தீவுப் பகுதியில் நெட்சிலிக் மக்களிடையே இவர்கள் பல மாதங்கள் தங்கினர். 1840களில் அங்கு அழிந்த ஜான் பிராங்ளினின் ஆங்கிலேயக் கப்பற்குழுவைப் பற்றி அம்மக்கள் தம் முன்னோரிடமிருந்து கேட்ட செய்திகளை ராஸ்முசன் எழுதிக்கொண்டார். இத்தகைய வாய்மொழிச் செய்திகளை ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. பிராங்ளினின் இரு கப்பல்களும் 2014இலும் 2016இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டபோது இனுயிட் மரபுச் செய்திகள் தேடலுக்கு உதவின.

மொழி

கிரீன்லாந்தில் கற்ற மொழியைக் கொண்டே ராஸ்முசன் வட அலாஸ்கா வரை மக்களுடன் உரையாட முடிந்தது. ஒலிப்பிலும் சொற்களிலும் வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை ஒன்றாகவே இருந்தது. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே தொன்மங்களைச் சிறு மாற்றங்களுடன் சொல்லக் கேட்டார். தென்மேற்கு அலாஸ்காவின் யூப்பிக் மொழிகள் மட்டும் தெளிவாக வேறுபட்டிருந்தன. தொல்லியல் சான்றுடன் இம்மொழிச் சான்றும் சேர்ந்து இனுயிட் மக்களின் பொதுவான மூலத்தை உறுதிப்படுத்தியது.

சைபீரியாவில் முடிவு

1924 செப்டம்பரில் ராஸ்முசன் அலாஸ்காவின் நோமிலிருந்து சிறு கப்பலில் பெரிங் நீரிணையைக் கடந்து சைபீரியாவின் கிழக்கு முனைக்குச் சென்றார். அங்குள்ள எஸ்கிமோ மக்களையும் காண விரும்பினார். நுழைவு அனுமதி இல்லாததால் சோவியத் அதிகாரிகள் அவரை உடனே திருப்பி அனுப்பினர். மூன்றாண்டுப் பயணம் அத்துடன் முடிவுற்றது.

பயண முடிவுகள் பத்துத் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. பொதுவாசகருக்காக ராஸ்முசன் எழுதிய நூல் 1925–26இல் டேனிய மொழியிலும், சுருக்கமாக 1927இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

இறுதிப் பயணங்களும் மறைவும்

1931இல் ஆறாம் பயணமாகவும் 1932–33இல் ஏழாம் பயணமாகவும் தென்கிழக்குக் கிரீன்லாந்தின் கரையோரம் ஆராயப்பட்டது. அக்காலத்தில் கிழக்குக் கிரீன்லாந்தின் ஒரு பகுதிக்கு நோர்வே உரிமை கோரியிருந்தது. பன்னாட்டு நீதிக்கான நிலையான நீதிமன்றம் 1933 ஏப்ரலில் டென்மார்க்கிற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

ஏழாம் பயணத்தின்போது அங்மக்சாலிக் மக்களே நடித்த பாலோவின் திருமணம் என்னும் திரைப்படம் எடுக்கப்பட்டது. இதன் கதையை ராஸ்முசன் எழுதினார். ஃபிரீட்ரிக் டால்ஷைம் இயக்கினார். படம் 1934இல் வெளியானபோது ராஸ்முசன் உயிருடன் இல்லை. கிழக்குக் கிரீன்லாந்தில் உண்ட இறைச்சியால் உணவு நஞ்சாகி நோயுற்ற அவர், பின்னர் நுரையீரல் அழற்சிக்கும் உள்ளானார். டென்மார்க்கிற்குக் கொண்டுவரப்பட்டு 1933 டிசம்பர் 21 அன்று தமது 54ஆம் வயதில் காலமானார்.

மதிப்பீடும் விமரிசனமும்

ராஸ்முசன் பதிவு செய்த கதைகளும் பாடல்களும் இன்று இனுயிட் மக்களாலேயே மீண்டும் பயன்படுத்தப்படுகின்றன. கனடாவின் இனுயிட் இயக்குநர் சக்கரியாஸ் குனுக், நார்மன் கோனுடன் இணைந்து 2006இல் இயக்கிய திரைப்படம் ராஸ்முசனின் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் மையப் பாத்திரங்கள் அவ்வாவும் அவர் மகளும் ஆவர். ராஸ்முசன் வந்து செல்லும் விருந்தினர் மட்டுமே.

அவரது செயல்களில் சில கேள்விக்குரியனவாகவும் கருதப்படுகின்றன. ஐந்தாம் பயணத்தில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 20,000 பொருட்கள் கோபன்ஹேகனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. நெட்சிலிக் மக்கள் உடலைக் காக்கும் என நம்பி அணிந்திருந்த தாயத்துகளையும் ஊசி, கத்தி போன்ற பொருட்களைக் கொடுத்து அவர் வாங்கினார். அப்பொருட்கள் அழியாமல் காக்கப்பட்டன என்பதும், அவற்றைச் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் அவற்றைக் காணக் கடல் கடக்க வேண்டியதாயிற்று என்பதும் ஒருசேர உண்மையாகும். கிரீன்லாந்தைப் பொறுத்தவரை, 1982 முதல் 2001 வரை ஏறத்தாழ 35,000 பொருட்களை டேனிய தேசிய அருங்காட்சியகம் கிரீன்லாந்து அருங்காட்சியகத்திடம் திருப்பி அளித்தது.

தூலே நிலையத்தின் பின்னாள் வரலாறு ராஸ்முசன் எதிர்பாராத வழியில் சென்றது. 1951இல் அதன் அருகே அமெரிக்க வான்படைத் தளம் கட்டப்பட்டது. 1953 மே மாதத்தில் உம்மன்னாக்கில் வாழ்ந்த இனுக்குயிட் மக்கள் சில நாட்கள் மட்டுமே அவகாசம் தரப்பட்டு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே உள்ள கானாக் பகுதிக்கு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கில் இவ்வெளியேற்றம் சட்டத்திற்கு மாறானது என டேனிய நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே டேனியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். தூலே என்னும் பெயர் வான்படைத் தளத்தின் பெயராக நீடித்தது. 2023இல் அத்தளத்திற்கு அவ்விடத்தின் கிரீன்லாந்துப் பெயரான பிட்டுஃபிக் சூட்டப்பட்டது.

பிறந்த ஊரும் உலக பாரம்பரியக் களங்களும்

இலுலிசாட் பனிக் கடற்கழி

ராஸ்முசன் பிறந்த பழைய போதகர் இல்லம் இலுலிசாட்டில் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. ஊரின் தெற்கு எல்லையிலேயே கங்கியா எனப்படும் பனிக் கடற்கழி தொடங்குகிறது. உள்நாட்டுப் பனிவிரிப்பிலிருந்து இறங்கும் செர்மெக் குயால்லெக் என்னும் பனியாறு இதில் முடிவடைகிறது. உலகின் மிக விரைவாக நகரும் பனியாறுகளுள் இதுவும் ஒன்று. உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டபோது இது நாளொன்றுக்கு 19 மீட்டர் நகர்ந்ததாகவும், ஆண்டுக்கு 35 கன கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பனியைக் கடலில் உடைத்துவிட்டதாகவும் கணக்கிடப்பட்டது. பெரும் பனிப்பாறைகள் கழியின் வாயில் ஆழம் குறைந்த கடலடி மேட்டில் தட்டி நிற்கின்றன. உருகிச் சிறுத்த பின்னரோ, பின்னால் வரும் பாறைகளால் தள்ளப்பட்டோ அவை வெளிக்கடலை அடைகின்றன. 2000ஆம் ஆண்டிற்குப் பின் பனியாற்றின் முகப்பு 10 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியுள்ளது.

யுனெஸ்கோ இதனை இயற்கைக் களமாகவே பட்டியலில் சேர்த்தது. எனினும் இது மக்கள் வாழ்ந்த நிலமுமாகும். கழியின் வாயருகே உள்ள செர்மெர்மியுட் என்னும் புல்வெளியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மக்கள் குடியிருந்தனர். 1950களில் நடந்த அகழாய்வுகளில் சக்காக், டோர்செட், தூலே ஆகிய மூன்று பண்பாடுகளின் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காணப்பட்டன. இவ்வாய்வில் பங்கு கொண்டவர்களுள் ராஸ்முசனின் ஐந்தாம் பயணத் தோழர் மத்தியாசனும் ஒருவர்.

இலுலிசாட்டிற்குப் பிற நகரங்களிலிருந்து சாலை கிடையாது. வானூர்தியிலோ கப்பலிலோ தான் செல்ல இயலும். ஊரிலிருந்து செர்மெர்மியுட் வரை மரப்பலகைப் பாதை அமைக்கப்பட்டுள்ளது. மெல்லிய மண்படிவையும் தொல்லியல் எச்சங்களையும் காலடியிலிருந்து காப்பது இப்பாதையின் நோக்கமாதலால் பயணிகள் அதை விட்டு இறங்கக்கூடாது. பனிப்பாறை உடைந்தாலோ புரண்டாலோ திடீரெனப் பேரலை எழக்கூடும் என்பதால் கடற்கரையில் இறங்க வேண்டாம் என எச்சரிக்கைப் பலகைகள் உள்ளன. கோடையில் இரு மாதங்களுக்குச் சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் பல வாரங்கள் காணப்படாத சூரியன் ஜனவரி 13 அளவில் மீண்டும் தோன்றுவதை ஊர்மக்கள் குன்றின் மீது கூடி வரவேற்கின்றனர். பனியையும் அதனருகே வாழ்ந்த மக்களையும் விளக்கும் பனிக்கழி மையம் 2021இல் திறக்கப்பட்டது.

பிற களங்கள்

கிரீன்லாந்தில் மேலும் இரு உலக பாரம்பரியக் களங்கள் உள்ளன. இவை இரண்டும் பண்பாட்டுக் களங்கள் ஆகும்.

அசிவிசுயிட்–நிபிசாட் (2018): சிசிமியுட், கங்கெர்லுசுவாக் ஆகிய ஊர்களுக்கு இடையே பனிவிரிப்பிலிருந்து கடல் வரை நீளும் வேட்டை நிலம். குளிர்காலத்தில் கடற்கரையில் கடல்நாய் வேட்டையாடிய குடும்பங்கள் கோடையில் உள்நாட்டிற்கு நடந்து சென்று கூட்டாகக் கரிபு மான்களை வேட்டையாடின. மான்களை மடக்கக் கட்டிய கல்வரிசைகளும் கோடைக்கால முகாம்களின் எச்சங்களும் இங்கு உள்ளன. அருகிலுள்ள சிசிமியுட்டில் ராஸ்முசன் பெயரில் ஒரு மக்கள் உயர்நிலைப் பள்ளி உள்ளது.

குயாட்டா (2017): தென்கோடியில் உள்ள வேளாண் நிலம். 10ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்திலிருந்து வந்த நோர்ஸ் மக்களும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இனுயிட் மக்களும் இங்கு கால்நடை வளர்த்தனர்.

நினைவிடங்கள்

தூலே நிலையத்தில் ராஸ்முசனும் ஃபிராய்கனும் கட்டிய வீடு பின்னர் கானாக்கிற்கு இடம் மாற்றப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது. வெளியேற்றப்பட்ட மக்களின் ஊரில் இன்று அவ்வீடு நிற்கிறது. டென்மார்க்கின் ஹுண்டெஸ்டெட் நகருக்கு அருகே கடலை நோக்கிய குன்றில் அவர் எழுதுவதற்காகக் கட்டிய ஓலைக்கூரை வீடும் அருங்காட்சியகமாக உள்ளது. கிழக்குக் கிரீன்லாந்தில் ஒரு பனியாறும் வடகிரீன்லாந்தில் ஒரு நிலப்பகுதியும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

முக்கிய நூல்கள்

புதிய மனிதர்கள் (1905)
லாப்லாந்து (1907)
கிரீன்லாந்தின் தொன்மங்களும் மரபுக்கதைகளும் (மூன்று தொகுதிகள், 1921–1925)
கிரீன்லாந்திலிருந்து பசிபிக் கடலுக்கு (இரு தொகுதிகள், 1925–1926)